தலைமையாசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தும் பள்ளிகள் ஏன் மாறவில்லை?
பயிற்சி பெரும்பாலும் இரண்டு நாள் பயிலரங்கோடு முடிந்துவிடுகிறது. பள்ளிக்குத் திரும்பியதும் படிவம், புள்ளிவிவரம், கூட்டம் என்று தலைமையாசிரியரின் நாள் கரைந்துவிடும். முதலில் அந்த நேரத்தை மீட்டுக் கொடுங்கள்: வாரத்தில் நான்கு வகுப்புகளையாவது, தலா 15 நிமிடம், அவர் உட்கார்ந்து பார்க்க முடிய வேண்டும். பார்க்கும்போது ஆசிரியரைவிட மாணவர் நோட்டையே கவனிக்கட்டும். பின்னப் பாடத்தில் பத்துப் பேர் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தால் பேச வேண்டியது அதைத்தான்; கரும்பலகைக் கையெழுத்தைப் பற்றி அல்ல. மறுநாளுக்குள் ஆசிரியரோடு பத்து நிமிடம் பேசி, மாற்ற வேண்டிய ஒன்றே ஒன்றைச் சொல்லலாம். ஐந்து குறை சொன்னால் ஒன்றும் நடக்காது. அடுத்த வாரம் அதே வகுப்புக்கு மறுபடி போக வேண்டும். பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான்.

மாவட்ட அளவில் சிக்கல் வேறு. ஒரு மேற்பார்வையாளர் தலையில் ஏகப்பட்ட பள்ளிகளைக் கட்டினால் அவர் கோப்புதான் பார்ப்பார். வாலஸ் அறக்கட்டளை 2014இல் அமெரிக்காவின் ஆறு மாவட்டங்களில் தொடங்கிய திட்டத்தில், இந்தச் சுமை சராசரியாக 17 தலைமையாசிரியர்களிலிருந்து 12 ஆகக் குறைக்கப்பட்டது. மதிப்பீடு எழுதுபவரே வழிகாட்டியாகவும் இருந்தால் தலைமையாசிரியருக்குக் குறைகளை மறைக்கத்தான் தோன்றும்; ஆள் இருந்தால் இரண்டையும் பிரித்துவிடுங்கள். துணைத் தலைமையாசிரியரையும் இப்போதே வகுப்புப் பார்வையில் சேர்த்துக்கொள்ளுங்கள், இடமாறுதல் வந்தால் வேலை அப்படியே நின்றுபோகாது.