1260 நாட்களும் ஒரு ரப்பர் தோட்டமும்

ஐயா,

பாறசாலைப் பக்கம் நடந்த ஒரு கன்வென்ஷனுக்குப் போய்வந்ததிலிருந்து என் அண்ணன் மாறிவிட்டார். வெளிப்படுத்தின விசேஷத்தின் 1260 நாட்கள் 1260 வருடங்கள் என்றும், அந்தக் கணக்குப்படி முடிவு மிக அருகில் என்றும் அங்கே சொன்னார்களாம். பழைய ரப்பர் மரங்களை முறித்த இடத்தில் கன்று வைக்க மறுக்கிறார். “பால் வெட்ட ஏழு வருடமாகும், அதற்குள் கர்த்தர் வந்துவிடுவார்” என்கிறார். ஒரு நாள் ஒரு வருடம் என்பது வேதத்தில் உள்ளதுதானே?

வாசகி, களியக்காவிளை

அன்புள்ள சகோதரிக்கு,

வேதத்தில் உள்ளதுதான். கானானை வேவு பார்த்த நாற்பது நாளுக்கு நாற்பது வருட வனாந்தர அலைச்சல் என்று எண்ணாகமம் 14:34 கூறுகிறது; எசேக்கியேல் 4:6-இலும் ஒரு நாள் ஒரு வருடத்துக்கு நிற்கிறது. ஆனால் இரண்டிடத்திலும் அவ்வாறு எண்ணச் சொன்னவர் கர்த்தரே. வெளிப்படுத்தின விசேஷத்தில் அப்படி ஒரு சொல் இல்லை. தானியேல் 9-இன் எழுபது வாரங்களை, ஒரு வாரத்துக்கு ஏழு வருடம் என்று, வருட வாரங்களாகப் படிப்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்த அதிகாரம் எரேமியாவின் எழுபது வருடங்களில்தான் தொடங்குகிறது.

வெளிப்படுத்தின விசேஷம் 11-ஆம் அதிகாரத்தின் 42 மாதங்கள், 12-ஆம் அதிகாரத்தின் 1260 நாட்கள், அங்கேயே வரும் “ஒரு காலமும், காலங்களும், அரைக்காலமும்” ஆகிய மூன்றும், மாதத்துக்கு முப்பது நாள் வைத்தால், மூன்றரை வருடம்தான். எலியாவின் நாளில் மழை பெய்யாத காலமும் அதுவே என்கிறார் யாக்கோபு. ஏழு நிறைவின் எண். உபத்திரவத்துக்கு அதில் பாதிதான் அளந்து கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதையே ரோம ஆட்சியில் துன்பப்பட்ட சபைகள் ஆறுதலாகக் கேட்டிருக்கும் என்று நான் வாசிக்கிறேன்.

அண்ணனோடு உட்கார்ந்து எரேமியா 28, 29 அதிகாரங்களை வாசியுங்கள். பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டதெல்லாம் இரண்டே வருடத்தில் திரும்பிவரும் என்று ஜனங்கள் கேட்க விரும்பியதைச் சொன்னவன் அனனியா. எழுபது வருடம் என்று சொன்ன எரேமியாவோ, பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்குக் கடிதம் எழுதி, வீடுகளைக் கட்டிக் குடியிருக்கவும் தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடவும் கட்டளை கொடுத்தார். பின்னாளில் அந்த எழுபதைப் படித்தறிந்த தானியேல் நாள் குறிக்கவில்லை. இரட்டுடுத்தி, உபவாசித்து, ஜனத்தின் பாவத்தை அறிக்கையிட்டார். உங்கள் அண்ணனின் எதிர்பார்ப்பை நான் மிகவும் மதிக்கிறேன். தோட்டத்தை நாட்டுவது அந்த எதிர்பார்ப்புக்கு விரோதமானதல்ல என்பதற்கு எரேமியாவின் அந்தக் கடிதத்தைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் அவர் பிரசங்கியாரிடம் கேட்கட்டும்: 1260-ஐ எந்த வருடத்திலிருந்து எண்ணுகிறீர்கள், அந்த வருடம் எந்த வசனத்தில் இருக்கிறது? கி.பி. 538-இல் தொடங்கியவர்கள், பிரெஞ்சுப் படை போப் ஆறாம் பயஸைச் சிறைபிடித்த 1798-இல் முடித்தார்கள். தானியேலின் 2300 இராப்பகலை வருடங்களாகக் கி.மு. 457-இலிருந்து எண்ணிய, அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லரின் கூட்டத்தார் 1844 அக்டோபர் 22 என்று நாளே குறித்துக் காத்திருந்தார்கள். அந்த நாளும் கடந்துபோனது. இங்கே கேள்வி கூட்டலைப் பற்றியதல்ல. தொடக்க வருடத்தைத்தான் அவரவர் வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். அண்ணனிடம் இதை வாக்குவாதமாகச் சொல்லாமல், மதினியும் உடனிருக்கும் குடும்ப ஜெபத்தில், வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.