கயிற்றோடு திரும்பி வருவது

அன்புள்ள ஐயா,

நான் குடியாத்தத்திற்கு அருகே ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். பெங்களூரில் பதினோரு ஆண்டுகள் மென்பொருள் வேலை பார்த்தேன். அப்பா மறைந்த பிறகு ஊருக்குத் திரும்பி, மூன்று ஏக்கர் நிலத்தோடு முப்பத்திரண்டு வெள்ளாடுகளையும் பார்த்துக்கொள்கிறேன். ஈன்ற மறுநாளே தாய் இறந்துபோன ஒரு கிடாக்குட்டியை என் மகள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்து, முத்து என்று பெயரும் வைத்தாள். அதற்கு இப்போது பதினான்கு மாதம் ஆகிறது. சென்ற மாதம் முத்துவை மட்டும் நிறுத்திக்கொண்டு, மற்ற ஏழு கிடாக்களையும் கே.வி.குப்பம் சந்தையில் விற்றுவிட்டு வரும்போது, வழியில் வண்டியை நிறுத்தி அழுதேன். அன்று இரவு வீட்டில் கறிக்குழம்பு. அதை நான் சாப்பிடவும் செய்தேன். என் மனைவி சைவம். "வளர்க்கிறவர் ஏன் அழ வேண்டும், அழுகிறவர் ஏன் வளர்க்க வேண்டும்?" என்று கேட்கிறாள். என் வருத்தம் போலியானதா? இத்தொழிலை விட்டுவிட வேண்டுமா? முத்துவை விற்க நேர்ந்தால் மகளிடம் என்ன சொல்வது?

(பெயரை வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவியின் கேள்வி உங்களுடைய மூன்று கேள்விகளையும் விடக் கூர்மையானது. ஆனாலும் அதற்கு ஒரு விடை உண்டு. ஆட்டை வளர்க்காதவர் அதற்காக அழ வாய்ப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை வாசலில் நின்று அரைக்கிலோ கேட்பவருக்கு அது கறி. உங்களுக்கோ அது வலது காதில் வெள்ளைப் புள்ளியுள்ள, மற்றவற்றுக்கு முன்னால் தழைக்கு ஓடிவரும், மழை வந்தால் எல்லாவற்றுக்கும் முன்பே பட்டிக்குள் நுழைந்துவிடும் ஓர் உயிர். உங்கள் வருத்தம் போலியானது அல்ல. அந்த வருத்தத்தைக் கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் போலித்தனம் நுழைய இடமிருக்கிறது.

நான் ஒடுகத்தூருக்குப் பக்கத்தில், ஜவ்வாது மலையடிவாரத்தில் வளர்ந்தவன். எங்களுக்கென்று சொந்த ஆடுகள் இருந்ததில்லை. வேறொருவருடைய பெட்டையாடுகளை வாரத்திற்கு, அதாவது பங்குக்கு, வாங்கி வளர்த்தோம். ஈனும் குட்டிகளில் பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு. வெள்ளாட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். ஆகவே பள்ளிக் கட்டணம், மழைக்கு முன் கூரை மாற்றுவது, அம்மாவின் வைத்தியம் ஆகிய எல்லாமே அந்த ஐந்து மாதக் கணக்கில்தான் எங்கள் வீட்டில் நடந்தன. வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு அப்பா ஆட்டைப் பிடித்துக்கொண்டு போவார். தரகர் துண்டுக்குள் கைவிட்டு விரல்களைத் தொட்டு விலை பேசுவார். விலை முடிந்ததும் அப்பா கழுத்துக் கயிற்றை அவிழ்த்துத் தன் கையில் சுற்றிக்கொள்வார். வாங்குகிறவர் தன் கயிற்றைக் கட்டி ஓட்டிச் செல்ல வேண்டும். கயிற்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் பட்டியின் விருத்தி அதோடு போய்விடும் என்பது நம்பிக்கை. மாட்டுக்கும் இதே வழக்கம்தான்.

அந்த வழக்கத்தின் மறுபக்கத்தைப் பல ஆண்டுகள் கழித்தே புரிந்துகொண்டேன். கயிறு அவிழ்ந்த நொடியோடு அந்த ஆட்டுக்கும் நமக்கும் இருந்த கணக்கு தீர்ந்துவிட்டதாக நாம் வைத்துக்கொள்கிறோம். அதற்குப் பின்னர் அதற்கு நேர்வது எதுவும் நம்முடைய காரியமல்ல. பன்னிரண்டு வயதில் ஒருமுறை நான் அப்பாவுக்குத் தெரியாமல் சந்தையில் பின்தங்கி, எங்கள் கிடாவைத் தொடர்ந்து போனேன். கொல்வதை நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது ஒரு சிறிய வண்டியை. அதில் கால்கள் இரண்டிரண்டாகக் கட்டப்பட்டு, ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்த இருபதுக்கு மேற்பட்ட ஆடுகள், சித்திரை வெயிலில், தண்ணீர் இல்லாமல், வண்டிக்காரர் தேநீர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தன. எங்கள் கிடா அடியில் இருந்தது. அதன் வாழ்நாளில் நாங்கள் அதற்கு ஒரு நாள்கூடத் தண்ணீர் காட்ட மறந்ததில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது அந்த வண்டிதான். அன்பு காட்டியதால் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். நாம் திரும்பிக்கொள்வதால், அந்த விலங்குக்கு மிகவும் கடினமான ஒன்றிரண்டு நாட்களில் அதை அறிந்தவர் ஒருவரும் அதனுடன் இருப்பதில்லை. நீங்கள் வண்டியை நிறுத்தி அழுத இடத்தைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்த ஏழு கிடாக்களும் அப்போது எங்கே, எந்த நிலையில் இருந்தன என்பதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்தை நீங்களும் மனைவியும் ஒருமுறை சேர்ந்து படித்துப் பாருங்கள். அதில் தின்பவர் வருகிறார், கொல்பவர் வருகிறார், 'விலைப்பொருட்டால் ஊன்றருவார்' என்று விற்பவரும் வருகிறார். வளர்ப்பவர் மட்டும் எங்கும் இல்லை. இது எனக்கு ஆறுதல் அல்ல. இறைச்சிக்காக ஆடு வளர்ப்பவன் விற்பவனுக்குள் அடக்கம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நம் வட்டாரத்தில் இந்தக் கேள்வி ஏட்டில் மட்டும் உள்ளதும் அல்ல. வள்ளிமலைக் குகையில் சமணச் சிற்பங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இருக்கின்றன. அதே மலையில்தான் வேடர் மகளான வள்ளியின் கதையும் சொல்லப்படுகிறது. ஆரணி, வந்தவாசி, போளூர்ப் பக்கத்து ஊர்களில் தமிழ்ச் சமணர்கள் இன்றும் உழவர்களாகவே, ஊன் உண்ணாமலே வாழ்கிறார்கள். மண்ணில் கைவைத்தவனுக்குச் சைவம் ஒத்துவராது என்று பேசுபவர்களிடம் நான் அவர்களைத்தான் காட்டுவேன்.

ஆனால் உங்கள் மனைவியிடமும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்கள் வீட்டில் பால் வாங்குவீர்கள் என்று எண்ணுகிறேன். கலப்பினப் பசு பால் தர வேண்டுமானால் கன்று ஈன்றுகொண்டே இருக்க வேண்டும். சினை ஊசி போட்டுப் பிறப்பவற்றில் ஏறக்குறைய பாதி காளைக்கன்றுகள். ஏர் இழுக்க மாடு தேவைப்படாத ஊரில் அவற்றுக்கு என்ன வேலை இருக்கிறது? செவ்வாய்க்கிழமையில் பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போய் நின்றால், தேநீருக்கும் பிரியாணிக்கும் நாம் நினைத்துக்கொண்டிருக்கும் தூரம் இல்லை என்பது தெரியும். ஆம்பூரிலிருந்தும் இராணிப்பேட்டையிலிருந்தும் போகும் தோலைப் பற்றி நான் இங்கே தொடங்கப் போவதில்லை. பால் குடிப்பவரும் கொலையில் பங்காளிதான் என்று சொல்லி அவர் வாயை அடைப்பது என் நோக்கமன்று. கேள்வி உங்கள் பட்டியோடு நின்றுவிடவில்லை என்பதற்காகச் சொன்னேன்.

இன்னொரு வகைச் சமாதானத்தையும் நாம் அறிவோம். முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்ட கிடாவின் மேல் மஞ்சள் நீரைத் தெளித்து, அது உடலைச் சிலிர்க்கும் வரை காத்திருப்பார்கள். "துளுக்கிடுச்சு" என்று யாராவது சொன்ன பிறகுதான் அரிவாள் உயரும். ஆடு சம்மதித்துவிட்டதாகப் பொருள். குளிர்ந்த நீர் பட்டால் எந்த ஆடும் சிலிர்க்கும் என்பது அங்கு நிற்கும் எல்லோருக்கும் தெரியும். 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டு 2003இல் கோயில் பலிகளுக்குத் தடை விதித்தபோதும், 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டபோதும், இருதரப்பும் பேசியது நம்பிக்கையைப் பற்றித்தான். அந்தக் காத்திருப்பைப் பற்றி யாரும் பேசிய நினைவில்லை. சில சமயம் அது கால்மணி நேரம்கூட நீளும். ஊரே அந்த ஆட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். சம்மதம் பொய்யாக இருக்கலாம், ஆனால் அந்தப் பார்வை பொய்யில்லை. பேர்ணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் பக்ரீத்துக்குச் சில நாட்கள் முன்பே ஆட்டை வாங்கி வீட்டில் கட்டி, பிள்ளைகள் கையால் தழை ஊட்டும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அங்கும் இதே பார்வை இருக்கிறது.

இனி உங்கள் இரண்டாம் கேள்வி. தொழிலை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். நீங்கள் விட்டால் அந்த இடத்தில் ஆடுகள் இல்லாமல் போய்விடாது, உங்களைவிடக் குறைவாகக் கலங்கும் ஒருவரிடம் அவை இருக்கும். இது வாதத்தில் மிக வலுவானது அல்ல என்று எனக்கே தெரியும், கொள்ளைக்காரனும் இதைச் சொல்லலாம். ஆயினும் 2011இல் ஏழை வீட்டுப் பெண்களுக்கு அரசு ஆளுக்கு நான்கு ஆடுகளை விலையில்லாமல் கொடுத்தபோது எங்கள் ஊரில் சில வீடுகளில் அடுப்பு எரிந்த விதத்தைப் பார்த்தவன் நான். ஆட்டை வெறும் அறக்கேள்வியாக மட்டும் என்னால் பார்க்க இயலவில்லை.

தொடர்வதாக இருந்தால், விற்கும் முறையை மாற்றுங்கள். சந்தைக்கு ஓட்டாமல், பக்கத்து ஊரில் தானே அறுத்து விற்கும் கடைக்காரர் ஒருவரிடம் உயிர் எடைக்குப் பேசிக்கொள்ளுங்கள். இருபது கிலோ கிடாவில் ஒன்பது பத்துக் கிலோ கறி நிற்கும் என்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். தரகும் கிடையாது. ஒரு ஆட்டின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்கக் கூடாது, சினையாட்டையும் மூன்று மாதத்திற்கு உட்பட்ட குட்டியையும் அறுக்கக் கூடாது என்று 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள் சொல்கின்றன. அவர் கடையில் அது நடக்கிறதா என்று போய்ப் பாருங்கள். கால்களைக் கட்டாமல், நிற்க வைத்து, வெயில் ஏறுவதற்கு முன் நீங்களே வண்டியில் கொண்டுபோய் விடுங்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் ஊசி போடத் தவறாதவர் நீங்கள் என்று நம்புகிறேன். அதே அக்கறையைக் கடைசிக் காலை வரைக்கும் நீட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். இதனால் உங்கள் வருத்தம் குறையாது, கூடவும் கூடும்.

முத்துவை வைத்துக்கொள்ள முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிடாவைக் காப்பாற்றியதால் ஏழு கிடாக்களின் கணக்கு நேராகிவிட்டதாக மட்டும் எண்ண வேண்டாம். முதிர்ந்த கிடாவின் வாடையையும், முட்டுவதையும், அதே பட்டியில் அதன் உறவுப் பெட்டைகளோடு அது சேராமல் பார்த்துக்கொள்ளும் தொல்லையையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

விற்க நேர்ந்தால் மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள், விற்பதற்கு முன்பாகவே சொல்லுங்கள். எங்கள் கிடாக்களெல்லாம் மலைக்கு மேய்ச்சலுக்குப் போயிருப்பதாகத்தான் என் அப்பா சொல்லியிருந்தார். நான் அந்த வண்டியைப் பார்த்த நாள் வரைக்கும் மாலைகளில் திண்ணையில் உட்கார்ந்து, ஜவ்வாது மலையின் மேல் வெள்ளையாக எது அசைந்தாலும் எங்களுடையது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன பொய்யை அவரிடம் நான் கடைசி வரை கேட்கவில்லை. உங்கள் மகள் கேட்பாள், அழுவாள், ஒருவேளை அன்றோடு கறி சாப்பிடுவதையும் நிறுத்திவிடுவாள். சைவக் குழம்பு வைக்க உங்கள் வீட்டில் ஏற்கெனவே தனிச்சட்டி இருக்கிறதே.