இறுதியாண்டு ஆய்வேட்டை ஏன் தள்ளிப் போடுகிறோம்?

இறுதியாண்டு மாணவர்கள் ஆய்வேட்டைக் கடைசி வாரம் வரை ஏன் தள்ளிப் போடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சோம்பல்தான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். உதகமண்டலத்தில் முதுகலைத் தாவரவியல் படித்தபோது நான் கண்டது வேறு.

நீலகிரியின் இயற்கைக் காடான சோலைக்காட்டின் விளிம்பில், வெளிநாட்டிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரத்தின் கன்றுகள் எவ்வளவு தூரம் ஊடுருவியிருக்கின்றன என்பது என் தலைப்பு. ஜனவரி உறைபனியில் முதல் பேருந்தைப் பிடித்துப் போய், விரல்கள் மரத்துப்போக, கயிறு கட்டி அளந்த சதுரங்களுக்குள் கன்றுகளை எண்ணுவதற்கு நான் ஒரு நாளும் தயங்கியதில்லை. பிப்ரவரிக்குள் இரண்டு நோட்டுகள் நிறைந்தன. அதன்பின் ஐந்து வாரங்கள் ஒரு பத்திகூட எழுதவில்லை. அட்டவணைகளைத் திருத்தமாகப் படியெடுத்தேன், வரைபடத்துக்கு வண்ணம் தீட்டினேன். அவையும் வேலையாகவே தோன்றியதால், தள்ளிப் போடுகிறேன் என்பதே எனக்குப் புரியவில்லை.

எண்ணுவதற்கு விதி உண்டு; எண்ணியதற்கு என்ன பொருள் என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும். பள்ளி முதல் பிறர் கேட்ட கேள்விக்கே விடை எழுதிப் பழகிய நமக்கு, அது அச்சமூட்டுகிறது. நோட்டைத் திறந்தால் வயிற்றைக் கலக்கும், மூடினால் நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் மறுநாளும் நோட்டை மூட வைக்கும். தள்ளிப் போடுவது நேர நிர்வாகத்தைவிட மனநிலையைச் சமாளிப்பதோடு தொடர்புடையது என்று உளவியலாளர்கள் ஃபியூஷியா சிரோயிசும் டிமோதி பிச்சிலும் 2013இல் எழுதியதைப் பின்னாளில் படித்தபோது, அந்த ஐந்து வாரங்களும் விளங்கின.

காலக் கணக்கும் நம்மை ஏமாற்றுகிறது. 1994இல் வெளியான கனடிய ஆய்வு ஒன்றில், ஆய்வேடு எழுதிய மாணவர்கள் சராசரியாக 34 நாட்களில் முடிப்போம் என்றார்கள். எல்லாம் மோசமாகப் போனால்கூட 49 நாட்கள் போதும் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாட்கள்.

ஜனவரியில் தலைப்பு, ஏப்ரலில் ஒப்படைப்பு, நடுவில் எதுவுமில்லை என்ற ஏற்பாடு இந்த அச்சத்தை வளர்க்கவே செய்கிறது என்பது என் உறுதியான கருத்து. என்னை மீட்டவர் என் நெறியாளர் அம்மையார். "அத்தியாயமெல்லாம் வேண்டாம்மா. ஒரே ஓர் அட்டவணையை எடுத்து, அதற்குக் கீழே மூன்று வரி எழுதி நாளைக்குக் கொண்டு வா. தப்பாக இருந்தாலும் பரவாயில்லை" என்றார். மரக்கிளைகள் அடர்ந்து மூடிய சதுரங்களில் கன்றுகள் குறைவு, வெயில் விழும் பாதையோரத்தில் மிகுதி என்று அன்றிரவு எழுதினேன். அவர் ஒரு சொல்லை மட்டும் திருத்திவிட்டு, அடுத்த அட்டவணையைக் கேட்டார்.