முரட்டுக் கடிவாளம் வாங்குமுன் வாயைப் பாருங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டோங்காட் அருகே கரும்பு பயிரிடுகிறேன். டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்த பசூட்டோ இன மட்டக்குதிரை ஒன்றைப் பேத்திக்காக வாங்கினேன். காயடித்த ஆண், வயது 12 என்றார் விற்றவர். கடிவாள வாரைப் பிடித்தால் தலையை உதறிக்கொண்டு ஓட்டம் பிடிக்கிறது. நீண்ட கைகளும் தாடைச் சங்கிலியும் உள்ள கடிவாள இரும்பை வாயில் போடச் சொல்கிறார் சேணக் கடைக்காரர். எந்த அளவில் வாங்கலாம்? தீனி நன்றாகவே எடுக்கிறது, தொட்டியருகே கொஞ்சம் சிந்துகிறது. பற்களின் படம் இணைத்துள்ளேன்.

பதில்: ஐயா, வாய்க்குள் ஒரு கயிற்றைக் குறுக்கே கொடுத்து இரு உதட்டோரங்களுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து, பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர் கூட்டிக்கொண்டால் அதுதான் அளவு, மட்டக்குதிரைக்குப் பெரும்பாலும் நாலரை முதல் ஐந்து அங்குலத்துக்குள் அமையும். ஆனால் நீங்கள் குறிப்பிட்ட இரும்பு வேண்டாம். கைகள் இல்லாத, இரண்டு மூட்டுகளும் நடுவே வழவழப்பான சிறு துண்டும் உள்ள ஸ்னாஃபில் என்னும் சாதாரணக் கடிவாள இரும்பு போதும். ஒற்றை மூட்டு உள்ளது பாக்குவெட்டி போல மடங்கி நாக்கை நெருக்கும். தடித்த இரும்பு மென்மையானது என்று சொன்னாலும் நம்பவேண்டாம். மட்டக்குதிரையின் சிறிய வாயில் நாக்கே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

இனி, நீங்கள் கேட்காமல் விட்டதற்கு வருகிறேன். படத்தில் மேல்வரிசை முன்பற்களின் கடைசிப் பல்லில் ஒரு பழுப்புக் கோடு பாதியைத் தாண்டி இறங்கியிருக்கிறது. அந்தக் கோடு 10 வயதளவில் ஈறருகே தோன்றி, 15 வயதில் பாதிப் பல்லையும் 20 வயதில் நுனியையும் எட்டும். இந்தக் கணக்கு துல்லியமானதல்ல என்றாலும், 12 வயதுப் பல் இப்படி இராது. விற்றவர் ஐந்தாறு வயதை விழுங்கியிருக்கிறார்.

அந்த வயதோடு, போகிறபோக்கில் நீங்கள் எழுதிய 'கொஞ்சம் சிந்துகிறது' என்பதைச் சேர்த்துப் பாருங்கள். சிந்தியதைக் கையில் எடுத்துப் பிரியுங்கள். மென்ற புல் சுருட்டுப் போலத் திரண்டு ஈரமாக இருந்தால், பல் வலிக்கிறது என்று பொருள். குதிரைக்கு மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமாதலால், மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரம் தேயாமல் கத்தி போலாகி, வாரும் மூக்குப்பட்டையும் அழுத்தும்போதெல்லாம் கன்னத்தை உள்ளிருந்து அறுக்கும். என் மட்டக்குதிரை ஒன்றுக்கு இது தெரியாமல் ஒன்றைவிட ஒன்று முரடாக மூன்று இரும்புகள் வாங்கினேன். கடைசியில் கால்நடை மருத்துவர் மயக்க ஊசி போட்டு, வாயை விரித்து விளக்கடித்தபோது, ஆடிக்கொண்டிருந்த ஒரு பல்லின் இடுக்கிலிருந்து அழுகிய வைக்கோல் வந்தது. அந்த நாற்றத்தை நான் மறக்கவில்லை. கடைக்காரருக்கு வாய் தெரியாது, சுவரில் தொங்கும் சரக்குதான் தெரியும். அவர் சொல்லும் இரும்பில் வாய்த்துண்டுக்குக் கீழுள்ள கை, மேலுள்ள கையைப்போல மூன்று பங்கு நீளமிருந்தால், சிறுமி இழுக்கும் விசை தாடைச் சங்கிலியில் மூன்று மடங்காக இறுகும். விளக்கும் மயக்க ஊசியும் இல்லாமல் ஐந்து நிமிடத்தில் பல்லை அரம்போட்டுத் தருகிறேன் என்பவரையும் தோட்டத்துக்குள் விடாதீர்கள்.

பல்லைச் சரிசெய்தபின் ஒரு மாதம் வாயில் எந்த இரும்பும் வேண்டாம். சுற்றுலாக் குதிரை பெரும்பாலும் முன்னால் போகும் குதிரையின் வாலைப் பார்த்தே நடந்து பழகியது. அது நின்றால் இது நிற்கும். வாரை இழுத்தால் நிற்கவேண்டும் என்று யாரும் அதற்குக் கற்பித்திருக்கமாட்டார்கள், ஆகவே நீங்கள் முரண்டு என்று நினைப்பது அறியாமைதான். மூஞ்சிக்கயிற்றின் இருபுறமும் நீண்ட கயிறு கட்டி, உதைபடாத தூரத்தில் பின்னால் நடந்தபடி, கரும்புப் பாத்திகளுக்கு நடுவே உள்ள வண்டிப்பாதையில் தினமும் 20 நிமிடம் ஓட்டுங்கள்: பத்தடி நடை, நிற்கச் சொல், இலேசான பிடி, நின்ற கணமே தளர்த்தல். தளர்த்துவதில்தான் பாடம் இருக்கிறது, இழுப்பதில் இல்லை. இதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். பொழுது சாய்ந்தால் ஆப்பிரிக்கக் குதிரைநோயைப் பரப்பும், கொசுவைவிடச் சிறிய கடிக்கும் பொடி ஈக்கள் கிளம்பும், அதற்குள் குதிரை கொட்டிலில் இருக்கவேண்டும்.

பிறகு ஸ்னாஃபிலை உதட்டோரத்தில் ஒரு மடிப்பு விழும் உயரத்தில், கோரைப்பல்லில் இடிக்காமல் மாட்டுங்கள். மூக்குப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழையவேண்டும். பேத்தியை ஏற்றும் முதல் நாளில் குதிரையின் கழுத்தைச் சுற்றித் தனியாக ஒரு தோல்வாரைக் கட்டிவிடுங்கள். அவள் தடுமாறினால் அதைப் பற்றிக்கொள்ளட்டும், வாயை அல்ல.