இரண்டு சிறிய விமான நிலையங்களுக்கு நடுவே 400 கி.மீ. தூரம் என்றால், பறக்க எவ்வளவு நேரம் ஆகும்?

தூரம் காட்டும் இணையதளத்தில் 48 நிமிடம், டிக்கெட்டில் 1 மணி 20 நிமிடம், எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். டிக்கெட்டை நம்புங்கள். இறங்கியதும் வேறு விமானமோ ரயிலோ பிடிக்க வேண்டியிருக்கும், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

சிறிய விமான நிலையம் ஒன்றில் தரைப்பணியில் பல வருடம் இருந்தவன் நான். இதே மாதிரி ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பயணி என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். "அரை மணி நேரத்தை ஏன் கூட்டிப் போட்டு ஏமாற்றுகிறீர்கள்?" என்று கவுன்டர் முன்னால் நின்று சத்தம். அன்று கூட்டம் குறைவு. ஒரு தாளை எடுத்து அவருக்கு வரைந்தே காட்டினேன்.

அந்தத் தளம் பூமியின் வளைவின் மேல் மிகக் குறுகிய கோட்டை அளந்து, அதை மணிக்கு 500 கி.மீ. வேகத்தால் வகுக்கிறது. ஏடிஆர் 72 மாதிரியான டர்போபிராப் விமானம், அதாவது காற்றாடி வைத்த விமானம், மேலே போய்ச் சேர்ந்த பிறகு ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் பறக்கும். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது. எதிர்காற்று 50 கி.மீ. வேகத்தில் வீசினால் 48 நிமிடம் 53 ஆகும், பின்காற்று என்றால் 44. டிக்கெட்டில் இருப்பதோ விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து, சேர வேண்டிய நிலையத்தில் போய் நிற்கும் வரையிலான நேரம்.

சிறிய நிலையங்களில் இன்னொன்றும் உண்டு. பல இடங்களில் ஓடுபாதைக்கு இணையாக டாக்ஸிவே, அதாவது விமானம் தரையில் உருண்டு போகும் தனிப் பாதை, இருக்காது. இறங்கிய விமானம் ஓடுபாதையிலேயே திரும்பி, வந்த வழியே உருண்டு வர வேண்டும். அது விலகும் வரை அடுத்த விமானம் வானத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இதை வரைந்து காட்டியதும் அவர் அமைதியாகிவிட்டார். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

விமானிகள் யாராவது "ஒவ்வொரு தடத்துக்கும் கணக்கு வேறு" என்று சொல்லலாம். உண்மைதான். நான் சொல்வது பயணி திட்டமிடுவதற்கான கணக்கு: டர்போபிராப் என்றால் தூரத்தை 500-ஆல் வகுத்து, அதோடு அரை மணி நேரம் கூட்டுங்கள். அந்தத் தளத்தில் 216 என்று பார்த்தால் அது கடல் மைல், ஒன்றுக்கு 1.852 கி.மீ. சாதாரண மைல் என்று நினைத்துக் கணக்குப் போட்டால் 50 கி.மீ.க்கு மேல் குறைந்துவிடும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். காற்றாடி விமானம் என்றாலே பழைய ஓட்டை வண்டி மாதிரி முகம் சுளிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆறவே ஆறாது. இவ்வளவு குறைந்த தூரத்தில் ஜெட்டின் வேகத்தால் மிஞ்சுவது சில நிமிடம்தான், எரிபொருளோ அதிகம். குட்டையான ஓடுபாதையில் பத்திரமாக இறங்கி எத்தனையோ சிறிய ஊர்களுக்கு விமானச் சேவை கொடுப்பது இந்த டர்போபிராப்தான். அதைக் கேலி செய்யாதீர்கள்.

சரி, உங்கள் பயணத்துக்கு வருகிறேன். அடுத்த விமானம் தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமானாலும் அது உங்களுக்காகக் காத்திருக்காது. குறைந்தது மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். அப்புறம், நீங்கள் போகும் கிழமையில் நேரடி விமானம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தூரம் காட்டும் தளங்கள், விமானமே ஓடாத தடத்துக்கும் நேரம் காட்டும். மார்ச் கடைசி ஞாயிறிலும் அக்டோபர் கடைசி ஞாயிறிலும் அட்டவணை மாறும், அதனால் போன மாதம் பார்த்த நேரத்தை வைத்து முன்பதிவு செய்யாதீர்கள்.