டீச்சரைக் கேளுங்கள்: பிள்ளைக்குக் கஷ்டம் தெரிய வேண்டுமா?

கேள்வி: டீச்சரம்மா, பதினான்கு வயதில் பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது டெய்லருக்குக் கைவேலை செய்யும் உதவியாளாகச் சேர்ந்தவன் நான். இன்று சொந்தமாக முப்பது மெஷின் போட்டு மற்ற கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறேன். மகன் பிளஸ் டூ படிக்கிறான். கேட்டதெல்லாம் கிடைக்கிறது, ஆனால் எனக்கிருந்த வெறி அவனிடம் இல்லை. எந்நேரமும் பழைய மோட்டாரைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறான். லீவில் ஒரு மாதம், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் நிற்க வைத்தால் கஷ்டம் புரிந்து வழிக்கு வருவான் என்று நினைக்கிறேன். சரிதானே?
– ஒரு தந்தை, திருப்பூர்

பதில்: வேண்டாம் தம்பி. செக்கிங் டேபிளில் நாள் முழுக்க நிற்கிற பெண்களுக்கு அதுதான் பிழைப்பு. அதையே உங்கள் பிள்ளைக்குத் தண்டனையாகக் கொடுத்தால் அவர்களைப் பற்றி அவன் என்ன நினைப்பான்? தொழில் கற்றுக்கொள்ள வந்து நிற்கட்டும், அது வேறு.

உங்களுக்கு இருந்ததை வெறி என்கிறீர்கள். எனக்கு அது பயம் என்றுதான் தோன்றுகிறது. சனிக்கிழமைச் சம்பளம் வராவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது என்ற பயம். அது உங்களை ஓட வைத்தது, மறுக்கவில்லை. ஆனால் உங்களோடு கைமடியாகச் சேர்ந்த மற்றவர்களுக்கும் அதே பயம் இருந்ததே. அவர்களில் எத்தனை பேர் சொந்தமாக மெஷின் வாங்கினார்கள்? உங்கள் முதல் மெஷினுக்கு யார் ஜாமீன் நின்றார், யார் முதல் ஆர்டர் கொடுத்தார் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பேச்சு வந்தாலே அப்துல் கலாமைச் சொல்வார்கள். ராமேஸ்வரத்தில் பேப்பர் போட்ட பையன் ஜனாதிபதி ஆனார், வறுமைதான் அவரை உயர்த்தியது என்பார்கள். ஆனால் சென்னை எம்.ஐ.டி. இன்ஜினியரிங் கல்லூரியில் இடம் கிடைத்தபோது சேருவதற்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அப்பாவிடம் அவ்வளவு இல்லை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அடகு வைக்க வளையல்கூட இல்லாத வீடுகளிலும் அதே மூளையோடு பிள்ளைகள் பிறந்திருப்பார்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது.

வறுமை மூளையைக் கூர்மையாக்கும் என்பதையும் நான் நம்புவதில்லை. எங்கள் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 464 கரும்பு விவசாயிகளிடம் பொருளாதார ஆய்வாளர் செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நான்கு பேர் செய்த ஆய்வு, 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. வெட்டுக்கு முன்பு, கையில் காசில்லாத நேரத்தில் ஒருமுறை, வெட்டு முடிந்து பணம் வந்த பிறகு ஒருமுறை, யோசித்துப் போட வேண்டிய புதிர்களைக் கொடுத்தார்கள். அதே விவசாயிதான், ஆனால் பணம் வந்த பிறகு நன்றாகச் செய்தார். எங்கள் ஊரில் கரும்பை வெட்டச் சொல்லி ஆலை கொடுக்கும் கட்டிங் ஆர்டருக்குக் காத்திருக்கும் வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நகை வட்டிக்கடையில் இருக்கும், புத்தி பாதி அங்கேயே கிடக்கும்.

அரசுப் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு நடத்தியவள் நான். ரிசல்ட் வந்ததும் பிள்ளைகள் என்னைச் சுற்றி நிற்பார்கள். வசதியுள்ள பிள்ளை “எந்தக் காலேஜ் நல்லது டீச்சர்?” என்று கேட்கும். இல்லாத பிள்ளை “எவ்வளவு ஆகும்?” என்று ஆரம்பிக்கும். கணக்கில் வகுப்பிலேயே முதலாக வந்த ஒரு பெண், “பஸ் பாஸ் எந்தக் காலேஜ் வரைக்கும் செல்லும் டீச்சர்?” என்று கேட்டாள். அவளுக்கு ஆசை குறைவாகவா இருந்தது? டிக்கெட் காசுக்குள் அடங்கும்படி அதை அவளே வெட்டிக்கொண்டாள். அந்தக் கேள்வியை என்னால் மறக்க முடியவில்லை.

உங்கள் மகனுக்கு அந்தக் கவலை இல்லை. ஒன்றில் தோற்றாலும் இன்னொன்றை முயன்று பார்க்க அவனுக்கு வீடு இருக்கிறது. அதைச் சம்பாதித்துக் கொடுத்ததே நீங்கள்தான், ஏன் பறிக்கப் பார்க்கிறீர்கள்? போகிற போக்கில் மோட்டாரைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். உங்கள் யூனிட்டில் ஓவர்லாக் மெஷின் மக்கர் செய்தால் மெக்கானிக் கூட அவனையும் உட்கார விடுங்கள். அப்புறம், பாங்க் தவணை கட்டும் நாளில் கணக்கு நோட்டை அவன் முன்னால் திறந்து வையுங்கள். வீட்டுப் பணம் எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரிவது நல்லது.

கேள்வி: டீச்சர், நான் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறேன். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. வீட்டில் யாரும் காலேஜ் போனதில்லை. இன்ஜினியரிங் என்றாலே சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். ஆசைப்படலாமா?
– ஒரு மாணவி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: தாராளமாக ஆசைப்படு கண்ணு. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் இன்ஜினியரிங்கிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் சீட் கிடைத்தால் படிப்பு, விடுதி, கலந்தாய்வுக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. அதில் கிடைக்காவிட்டாலும் கவுன்சிலிங்கில் சேருகிறவர்களுக்கு முதல் பட்டதாரிச் சலுகை உண்டு. அந்தச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடு, கடைசி நேரத்தில் அலையாதே. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். இதையெல்லாம் ஒரு தாளில் ரூபாய்க் கணக்காக எழுதி அப்பாவிடம் காட்டு. கடன் வாங்க வேண்டியிருக்குமோ என்றுதான் அவர் தயங்குவார். எந்தப் பிரிவு எடுக்க விருப்பம் என்று அடுத்த கடிதத்தில் எழுது.