தைராய்டு மாத்திரையும் காலைக் காபியும்

கேள்வி: எனக்கு 34 வயது. டி.எஸ்.எச். 14, ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன்) குறைவு என்று ரிப்போர்ட் வந்தது. 50 மைக்ரோகிராம் தைராக்சின் மாத்திரையை இரண்டு வாரமாகக் காலைக் காபியோடு போடுகிறேன். கூடவே இரும்புச்சத்து மாத்திரையும். சோர்வு போகவில்லை. அளவைக் கூட்டலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீங்களாகக் கூட்டாதீர்கள், அம்மா. டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பிக்கு மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி அனுப்பும் உத்தரவு. சுரப்பி மந்தமானால் உத்தரவு பலமாகும். பொதுவாக 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டியது உங்களுக்கு 14 ஆனது அதனால்தான். மாத்திரை தொடங்கியபின் அது இறங்கி நிலைக்க 6 முதல் 8 வாரம் பிடிக்கும். அப்புறம்தான் மறுபரிசோதனை, அளவை மாற்றுவதும் அதைப் பார்த்துத்தான்.

எனக்குக் கவலை அந்தக் காபிதான். காபியும் இரும்பும் தைராக்சினை உடலில் சரியாகச் சேர விடாது. எழுந்தவுடன் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்குங்கள். காபி, டிபன் எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பம் தரித்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்போது பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.